பதினொருவருள் ஒருவர்: யாழ்ப்பாணத்துத் துடுப்பாட்டமும் அணியில் இடந்தேடலும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசியல், பொருளாதாரம், சமயம், கல்வி ஆகிய துறைகளுக்கு அளிக்கும் இடத்தை விளையாட்டுத் துறைக்கு அளிப்பது அரிது. விளையாட்டு ஓய்வு நேரத்துக்கு உரியது, ஆதலின் வரலாற்றுக்கு உரியதன்று என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆயினும், ஓர் அணிக்குள் யார் சேர்க்கப்படுகின்றனர், யார் வெளியே நிற்கின்றனர், அதனைத் தீர்மானிப்போர் யாவர் என்னும் வினாக்களை எழுப்புமிடத்து விளையாட்டுத் துறையும் சமுதாய வரலாற்றின் ஒரு கூறே என்பது புலனாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டு இளைஞர் துடுப்பாட்ட அணிகளில் தமக்குரிய இடத்தைத் தேடிய வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும்.

உத்தி பிரித்தலும் அணி தெரிதலும்

ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே குடாநாட்டில் குழு விளையாட்டுக்கள் பல வழங்கி வந்தன. கிளித்தட்டு, சடுகுடு, கிட்டிப்புள் ஆகியன அவற்றுட் சில. இவ்விளையாட்டுக்களிலே கட்சி பிரிக்கும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. ஏறக்குறைய சமவலுவுள்ள இருவர் சோடியாகச் சேர்ந்து, ஒதுங்கிச் சென்று, ஆளுக்கொரு புனைபெயரைச் சூடி வருவர். இரு கட்சித் தலைவர்களுள் ஒருவர், ஆள் இன்னாரென்று அறியாமலே ஒரு பெயரைக் கேட்க, அப்பெயருக்குரியவர் அவர் பக்கம் சேர்வார். மற்றவர் எதிர்ப்பக்கம் செல்வார். இதனை உத்தி பிரித்தல் என்பர். வலுவைச் சமமாகப் பகிர்வதும், வந்தோர் எவரையும் வெளியே நிறுத்தாதிருப்பதும் இம்முறையின் இரு பண்புகளாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மிஷனரிமாரின் பாடசாலைகள் வழியாக வந்த துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் இதற்கு முற்றிலும் வேறான ஒரு முறையைக் கொணர்ந்தன. அணியின் தொகை பதினொன்று என வரையறுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மாணவர் பயிலும் ஒரு பாடசாலையிலே பதினொருவர் தெரியப்பட, எஞ்சியோர் எல்லைக் கோட்டுக்கு அப்பால் நின்று ஆரவாரிப்போராயினர். ஆடும் திறனோடு தெரிவுசெய்வோரின் கண்ணிற் படுதலும் வேண்டியதாயிற்று. தெரிவு என்னும் இக்கருத்தே இவ்வரலாற்றின் மையமாகும்.

இந்நிலை துடுப்பாட்டத்துக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறை உதைபந்தாட்டத்திலே ஓர் அணி தொண்ணூறு பேர்வரை பயிற்சிக்கு அழைத்து, பருவகாலம் தொடங்குமுன் அத்தொகையை ஐம்பத்துமூன்றாகக் குறைக்கின்றது. தாக்கும் அணியிலே பதினொருவர் களத்தில் நிற்பர். அவர்களுள் முன்வரிசையின் இரு ஓரங்களில் நின்று, பந்தை எறிபவரை எதிரிகளிடமிருந்து காப்போர் இருவர். பொதுவாக இவர்கள் பந்தைத் தொடுவதில்லை; புள்ளிப் பட்டியலில் இவர்களின் பெயர் காணப்படுவது அரிது. ஆயினும் அவ்விரு இடங்களுக்காகப் புதிதாக வரும் இளைஞன் பழையவர்களோடு ஆண்டுதோறும் போட்டியிட நேர்கின்றது. கிளித்தட்டில் தன் கோட்டை விட்டு நகராது மறித்து நிற்பவனின் பணியும் இத்தகையதே. கண்ணிற் படாத பணியைச் செய்வோன் கண்ணிற் பட்டால்தான் இடம்பெறலாம் என்னும் முரண்பாடு எல்லா அணி விளையாட்டுக்களுக்கும் பொதுவானது. யாழ்ப்பாணத்து இளைஞனைப் பொறுத்தவரை, அவன் வாழ்ந்த இடமும் அம்முரண்பாட்டை மிகுவித்தது.

வடக்கின் சமர்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மெதடிஸ்த மிஷனரிமாரால் 1816ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட கல்வி முயற்சியிலிருந்து வளர்ந்தது. பீற்றர் பேர்சிவல் பாதிரியார் அதனை நெறிப்படுத்திய காலத்திலே ஆறுமுக நாவலர் அங்குக் கற்றும் கற்பித்தும் வந்தமை யாவரும் அறிந்ததே. பரியோவான் கல்லூரி, திருச்சபை மிஷனரிச் சங்கத்தார் 1823இல் நல்லூரிலே தொடங்கிய பாடசாலையின் வழிவந்தது. பின்னர் சுண்டிக்குளியில் நிலைபெற்றது. இவ்விரு கல்லூரிகளுக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904இலே தொடங்கிற்று. வடக்கின் சமர் எனப் பெயர்பெற்ற இப்போட்டி இன்று மூன்று நாட் போட்டியாக நடைபெறுகின்றது. யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் இடையிலான பொன் அணிகளின் போர், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கும் இடையிலான இந்துக்களின் போர் என்பனவும் இவ்வழி வந்த மரபுகளேயாம்.

இப்போட்டிகளின் சமூகப் பயன் பெரிது. பழைய மாணவர் கடல்கடந்தும் வந்து கூடுவர். தந்தை ஆடிய அணியிலே மகனும் ஆடுவான். ஒரு சதம் அடித்தவன் பெயர் ஐம்பது ஆண்டு கழிந்தும் ஊரில் வழங்கும். எனினும் இம்மரபு ஒரு வகையிலே தனக்குள் நிறைவுபெற்ற உலகமாகவும் அமைந்துவிட்டது. குடாநாட்டு மாணவன் அடையக்கூடிய உச்சம் தன் கல்லூரியின் முதற் பதினொருவருள் ஒருவனாய்ப் பெரும்போட்டியில் ஆடுவதே என்னும் நிலை உருவாயிற்று. பாடசாலையை விட்டு நீங்கியதும் பலர் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆயினர். மட்டை மூலையிற் சாய்ந்தது. கல்வியின் வழியாக உத்தியோகம் பெறுவதே வாழ்வின் நோக்கமென்று கருதிய சமுதாயத்திலே இது இயல்பானதே. ஆகவே, குடாநாட்டு வீரர் மேலே செல்லாமைக்குப் பிறரை மட்டும் காரணம் காட்டுதல் பொருந்தாது.

கொழும்பு என்னும் வாயில்

கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையிலான புகையிரதப் பாதை 1905இலே முழுமை பெற்றது. வடக்கின் சமர் அதற்கு ஓராண்டு மூத்தது. இரயில் வந்தபின் குடாநாடு தலைநகரோடு நெருங்கியது உண்மையே. 1956இலே யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் ஒரு பகற்பொழுதிலேயே பயணம் முடிந்தது. ஆயினும் துடுப்பாட்ட உலகின் வாயில் கொழும்பிலேயே இருந்தது. கழகங்கள், புற்றரை ஆடுகளங்கள், தெரிவாளர்கள், பத்திரிகையாளர்கள் அனைவரும் அங்கேயே இருந்தனர்.

இலங்கைத் தமிழரின் துடுப்பாட்டச் சிறப்பைப் பேசுவோர் மகாதேவன் சதாசிவத்தின் பெயரை முதற்கண் சொல்வது வழக்கம். 1915இலே பிறந்த அவர், 1948 மார்ச்சில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கப்பற் பயணத்தினிடையே கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். பின்னர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைவராயிருந்தார். அவர் பயின்றது கொழும்பு வெஸ்லி கல்லூரியிலே. ஆடியது 1899இலே தோன்றிய தமிழ் யூனியன் கழகத்துக்காக. அக்கழகத்தின் மைதானத்திலேயே 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக ஆடிற்று. பின்னர் உலகப் புகழெய்தி 800 டெஸ்ட் விக்கெற்றுக்களைக் கைப்பற்றிய முத்தையா முரளிதரனும் கண்டிப் பகுதியிற் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றவர்.

இவ்வுதாரணங்கள் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. தமிழர் தேசிய அணியிலே இடம்பெற்றதுண்டு. ஆனால் அவ்வாறு இடம்பெற்றோர் தெரிவாளரின் பார்வைக்குள் அடங்கிய நகரங்களிலும் கல்லூரிகளிலும் வளர்ந்தவர்களாவர். ஆகவே, குடாநாட்டு வீரனின் பிரச்சினையை இனத்தின் அடிப்படையில் மாத்திரம் விளக்கிவிட முடியாது. இன முரண்பாட்டின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனோடு தொலைவும், ஆடுகளத்தின் தன்மையும், கழக வாழ்வின்மையும் சேர்ந்தே அவனைத் தடுத்தன எனக் கொள்வதே பொருத்தமாகும்.

உயரம் பாய்ந்தவர்

இக்கருத்தை உறுதிப்படுத்த மெய்வல்லுநர் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காட்டலாம். மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் தமது பதினேழாவது வயதிலே 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் உயரம் பாய்தலிலே பங்குபற்றினார். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். 1958இலே டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 6 அடி 8 அங்குலம், அதாவது 2.03 மீற்றர், பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அதுவே. அவ்விழா நடைபெற்றது மே மாத இறுதி வாரத்தில். அதே வாரத்திலேயே இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள் மூண்டிருந்தன என்பது வரலாற்றின் கொடிய பொருத்தங்களுள் ஒன்று.

குடாநாட்டிலிருந்து உயரம் பாய்பவர் ஒருவர் ஆசியாவை வெல்ல முடிந்த காலத்திலே, குடாநாட்டிலிருந்து துடுப்பாட்டக்காரர் ஒருவர் தேசிய அணியில் நிலைபெற முடியாமற் போனது ஏன்? விடை எளிது. குறுக்குத் தடி யாருடைய ஊரையும் கேட்பதில்லை. 2.03 மீற்றர் யாழ்ப்பாணத்திலும் டோக்கியோவிலும் அதே அளவினதே. அதை அளக்க ஒரு நாடா போதும். ஆனால் ஒரு பந்துவீச்சாளனின் திறனை அளக்க நாடா இல்லை. அவன் யாருக்கு எதிராக, எத்தகைய ஆடுகளத்தில் வீசினான் என்பதைக் கண்டோரின் சொல்லே அவனுக்கு அளவுகோல். கண்டோர் இல்லாவிடத்து அளவும் இல்லை.

வலைப்பந்தாட்டத்திலே ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இத்தடையைக் கடந்தமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 2.08 மீற்றர் உயரமுடைய அவர் எய்யும் பந்தைத் தடுக்க ஆசியாவில் ஆளில்லை என்னும் நிலை இருந்தது. 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் இடம்பெற்றிருந்தார். அவரது உயரமும் எவரும் மறுக்கவியலாத ஓர் அளவேயாகும்.

அறுபட்ட பாதை

இலங்கைத் துடுப்பாட்டத்தின் எழுச்சிக் காலமும் குடாநாட்டின் துயர்க்காலமும் ஒன்றாகவே அமைந்தன. 1981 ஜூன் முதலாம் நாள் விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது; அவ்வாண்டு ஜூலையிலே இலங்கைக்கு டெஸ்ட் தகுதி வழங்கப்பட்டது. 1983 ஜூலையின் பின்னர் போர் விரிந்தது. 1987 அக்டோபரில் இந்தியப் படையினருக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே சண்டை மூண்டபோது யாழ்ப்பாண நகரமே போர்க்களமாயிற்று. 1990 ஜூனிலே போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. ஏ-9 வீதியும் மூடப்பட்டது. கோட்டை முற்றுகையிடப்பட்டபோது அதன் அருகிலுள்ள மத்திய கல்லூரிச் சூழலும் பாழடைந்தது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். 1996 மார்ச் 17இலே லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற அன்று, யாழ்ப்பாணத்து மாணவர் பலர் அகதி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தனர்.

இலங்கைத் துடுப்பாட்டம் கொழும்புக்கு வெளியேயும் வேரூன்றிய காலம் இதுவாகும். காலி, மாத்தறை, குருநாகல் முதலிய இடங்களின் பாடசாலைகளிலிருந்து இளைஞர் தேசிய அணிக்கு வந்தனர். வாயில் சிறிது அகன்ற அவ்வேளையிலேயே வடக்கிலிருந்து வாயிலுக்குச் செல்லும் பாதை அறுந்திருந்தது. வடக்கின் சமரும் சில ஆண்டுகளில் நடைபெறாது போயிற்று. நடைபெற்ற ஆண்டுகளிலும் அதை நோக்கத் தெற்கிலிருந்து தெரிவாளர் வருவதற்கில்லை. ஒரு தலைமுறையின் ஆற்றல், யாரும் பாராது ஆடி முடிந்தது.

விரிப்பும் புற்றரையும்

போர் 2009 மேயிலே முடிவுற்றது. 2014 அக்டோபரிலே யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் இரயில் வந்தது. ஆயினும் ஆடுகளம் பற்றிய தடை எஞ்சி நின்றது. குடாநாட்டுப் பாடசாலைகளிலே நெடுங்காலம் பெரும்பாலும் விரிப்பு இடப்பட்ட ஆடுகளங்களிலேயே ஆட்டம் நிகழ்ந்தது. விரிப்பிலே பந்து சீராக எழும்பும்; சுழற்பந்து தவறாது திரும்பும். புற்றரையிலோ முதல் நாள் பந்து வழுக்கிச் செல்லும், மூன்றாம் நாள் வெடிப்பிற்பட்டுத் தாழும் அல்லது எகிறும். ஆடுகளம் நாளுக்கு நாள் மாறுவதை உணர்ந்து அதற்கேற்ப ஆடுதலே உயர்தரத் துடுப்பாட்டத்தின் நுட்பமாகும். விரிப்பிற் பழகியவன் புற்றரைக்குச் சென்ற முதல் நாளிலே திறனற்றவனாகத் தோன்றுவான். அந்த ஒரு நாளே அவன் தெரிவாளர் முன் ஆடும் நாளாகவும் அமைந்துவிடும்.

மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானமொன்றுக்கு 2025 செப்டெம்பர் முதலாம் நாள் ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். முதலாவது வடக்கின் சமருக்கும் இந்நிகழ்ச்சிக்கும் இடையே நூற்றிருபத்தோர் ஆண்டுகள் கழிந்துள்ளன.

வியாஸ்காந்தின் இடம்

மேற்கூறிய பின்னணியிலே வைத்து நோக்கும்போதே விஜயகாந்த் வியாஸ்காந்தின் முயற்சி அதன் முழுப் பொருளையும் பெறுகின்றது. 2001 டிசம்பர் 5ஆம் நாள் பிறந்த இவர், மத்திய கல்லூரி அணியிலே வலது கை மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளராக ஆடி வளர்ந்தவர். துடுப்பாட்டத்திலே கற்பதற்குக் கடினமானதும், தவறினால் மிகுந்த ஓட்டங்களைக் கொடுப்பதுமான கலை இது. ஓர் அணியிலே இத்தகைய பந்துவீச்சாளருக்குப் பெரும்பாலும் ஓர் இடமே உண்டு. அவ்விடத்துக்கு ஏற்கனவே ஆள் இருப்பர்.

2020இலே லங்கா பிரீமியர் லீக் தொடங்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தின் பெயரிலும் ஓர் அணி அமைந்தது. போட்டிகள் யாவும் அம்பாந்தோட்டையிலேயே நடைபெற்றன. யாழ்ப்பாண அணியிலே பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தவரல்லர். எனினும் வடபுலத்து இளைஞர் சிலர் அணியின் தொகுதியிலே சேர்க்கப்பட்டனர். தொகுதியிற் சேர்தல் வேறு, பதினொருவருள் ஒருவராதல் வேறு. முதற் போட்டிகளில் இவ்விளைஞர் வெளியே அமர்ந்திருந்தனர். டிசம்பர் 4ஆம் நாள், தமது பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்திய நாளிலே, கொழும்பு அணிக்கு எதிராக வியாஸ்காந்த் களமிறக்கப்பட்டார். அவரது முதலாவது விக்கெற்று, இலங்கை அணியின் முன்னாட் தலைவர் அஞ்சலோ மத்தியூஸினுடையது. திசர பெரேராவின் தலைமையிலான யாழ்ப்பாண அணி அவ்வாண்டுக் கிண்ணத்தை வென்றது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தெரிவாளர் வடக்கை நோக்கி வந்ததால் அவர் கண்ணிற் படவில்லை. யாழ்ப்பாணம் என்னும் பெயர் தெற்கே சென்றதால், அப்பெயருக்குப் பொருளாக ஓர் இளைஞனேனும் ஆடவேண்டியதாயிற்று. பெயரளவில் வந்த வாய்ப்பைத் தன் திறனால் உரிமையாக்கிக்கொண்டமையே அவ்விளைஞனின் சாதனையாகும். ஒரு போட்டியோடு அவர் மறக்கப்பட்டிருப்பின், அது வெறும் சடங்காகவே முடிந்திருக்கும்.

2023 அக்டோபரிலே சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் அவர் இலங்கைக்காக ஆடினார். 2024இலே ஐக்கிய அரபு அமீரகத்து லீக்கில் எம்.ஐ. எமிரேட்ஸ் அணிக்காகப் பந்து வீசினார். அவ்வாண்டு இந்தியன் பிரீமியர் லீக்கில் வனிந்து ஹசரங்க காயத்தால் விலகவே, சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி அவருக்குப் பதிலாக வியாஸ்காந்தைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அங்கும் இடம் எளிதிற் கிட்டவில்லை. அந்த லீக்கின் விதிப்படி ஆடும் பதினொருவருள் வெளிநாட்டவர் நால்வர்க்கு மேல் இருத்தலாகாது. தலைவர் பற் கமின்ஸ், ட்ரவிஸ் ஹெட், ஹென்றிக் கிளாசன் ஆகிய மூவரின் இடங்களும் உறுதியானவை. எஞ்சிய ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிட்டனர்.

2024 மே 8ஆம் நாள் ஹைதராபாத்தில், லக்னோ அணிக்கு எதிராக அவ்வோரிடம் அவருக்கு அளிக்கப்பட்டது. நான்கு ஓவர்கள் வீசி 27 ஓட்டங்களைக் கொடுத்தார். விக்கெற்று எதுவும் கிடைக்கவில்லை. லக்னோ அணி 165 ஓட்டங்களைப் பெற, ஹைதராபாத் அணி பத்து ஓவர்கள் முடியுமுன்னரே ஒரு விக்கெற்றையும் இழக்காது வென்றது. மறுநாட் செய்திகள் யாவும் அத்துடுப்பாட்டக்காரரைப் பற்றியனவே. புள்ளிப் பட்டியலை மட்டும் நோக்குவோருக்கு அவ்விளைஞனின் நான்கு ஓவர்கள் சிறப்பற்றனவாகத் தோன்றலாம். ஆனால் எதிரணியைக் கட்டுப்படுத்தி நிறுத்துவதும் ஒரு பணியே; கிளித்தட்டில் மறித்து நிற்பவனைப் போல அவர் அப்பணியைச் செய்தார். அடுத்த போட்டிகளிலும் அவருக்கு இடம் அளிக்கப்பட்டமை அணியினர் அதனை உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படுகின்றன. முதலாவது, குடாநாட்டிலே திறன் எக்காலத்தும் குறைந்திருக்கவில்லை. அதனை அளப்போர்தான் குறைந்திருந்தனர். இரண்டாவது, பெரும்போட்டி மரபு இளைஞரை வளர்த்தது போலவே, அதுவே எல்லை என்னும் மனப்பாங்கையும் வளர்த்தது. மூன்றாவது, பாதை, ஆடுகளம், கழகம் என்னும் மூன்றும் இல்லாவிடத்துத் தனிமனித முயற்சி அரிதிலேயே பயன்தரும்.

ஒருவர் வாயிலைக் கடந்துவிட்டார் என்பதனால் வாயில் திறந்துவிட்டது என்று கொள்ளுதல் தவறாகும். எதிர்வீரசிங்கத்தின் பதக்கத்துக்குப் பின்னர் அவ்வாறு கருதியிருந்தோரைக் காலம் திருத்திற்று. வியாஸ்காந்தின் பின்னே வரும் இளைஞன் விரிப்பிலிருந்து புற்றரைக்குத் தன் பதினைந்தாவது வயதிலேனும் மாற வழி அமைதல் வேண்டும். அவன் ஆடும் நாளிலே அதனைக் காண ஒருவர் வருதல் வேண்டும். உத்தி பிரித்து ஆடிய காலத்திலே எவனும் வெளியே நின்றதில்லை. பதினொருவரைத் தெரியும் இக்காலத்திலே எல்லோரும் உள்ளே இருத்தல் இயலாது. ஆயினும் எவனும் பார்க்கப்படாமலே வெளியே நிற்றல் ஆகாது என்பதையேனும் ஒரு சமுதாயம் தன் அறமாகக் கொள்ளலாம்.